தள்ளிவிட்டவன்

சாவகச்சேரி நீதிமன்ற வளவுக்குள் கால் வைத்ததும் ஜெயசுதனுக்கு ஓர் உண்மை உறைத்தது. தான் எடுத்த படத்தில் வரும் கூலிக் கொலைகாரனைப்போல அங்கே தோற்றமளித்தவர்கள் சட்டத்தரணிகள் மட்டுந்தான். அதில் வியப்பில்லை. படத்தில் கொலைகாரன் போட்டிருந்த கறுப்புக் கோட்டு ஒரு சட்டத்தரணியிடம் இரவல் வாங்கியது. கொதிக்கிற வெயிலில் அதை மாட்டிக்கொண்டு அவன் பனங்கூடலுக்குள்ளால் மெதுவாக நடந்து வருவான். வயலின் அழும். வெட்டி முடித்ததும் பிணத்தின் நெஞ்சில் ஒரு மல்லிகைப் பூவை வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பான். யூடியூபில் கனடாக்காரரும் சுவிஸ்காரரும் உருகி உருகிக் கருத்திட்டிருந்தார்கள். கொலைகாரனின் உளவியல் பற்றி ஜெயசுதனிடம் பேட்டிகூட எடுத்தார்கள். கொலைகாரன் என்பவன் அடிப்படையில் ஒரு தனிமைக் கவிஞன் என்று அவன் தாடியைத் தடவியபடி சொன்னான்.

இன்று வந்தது பேட்டிக்கு அல்ல, அடையாள அணிவகுப்புக்கு. அடுத்த படத்துக்கு இடம் பார்க்கவென்று மாசி மாதத்துக் காலையொன்றில் அவன் வேலிகளுக்கிடையேயான ஒடுங்கிய ஓர் ஒழுங்கையில் நின்றபோதுதான், தியாகராசா என்ற தோட்ட விவசாயியை அவருடைய வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொன்றுவிட்டு ஒருவன் வெளியே வந்தான். எல்லைக் காணித் தகராறில் வெளிநாட்டிலிருந்து யாரோ ஏவிவிட்ட ஆள். கண்ட ஒரே சாட்சி ஜெயசுதன்.

வேப்பமரத்தின் கீழ் தியாகராசாவின் மனைவி சிவக்கொழுந்து நின்றார்.

"தம்பி, நீர்தானே கண்டனீர். வேற ஆரும் இல்லை. உம்மை நம்பித்தான் நிக்கிறன்."

"யோசியாதேங்கோ அக்கா," என்றான். குரல் பேட்டிக் குரலாகவே வந்தது.

உள்ளே கூட்டிப்போன இளம் பொலிஸ்காரன் யதுசன் படத்தைப் பார்த்தவன்.

"உங்கடை படத்தை நினைச்சுக்கொண்டுதான் அண்ணை நானும் ஆளைப் பிடிக்கப் போனனான். போய்ப் பாத்தால் உவன் குசினி வாசல்லை இருந்து மனிசிக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்கிறான்."

"ஓமோ?"

"வெட்டப் போன வீட்டிலையும் செருப்பை வாசல்லை கழட்டி வைச்சிட்டெல்லே உள்ளுக்குப் போயிருக்கிறான். நல்ல வளர்ப்பு. வரேக்கை அவசரத்திலை செத்தவரின்ரை செருப்பைக் கொழுவிக்கொண்டு போயிட்டான்."

சிரிக்க வேண்டிய இடத்தில் ஜெயசுதன் கேள்வி கேட்டான். "அப்ப வழக்குக்கு அந்தச் செருப்பே போதுமே?"

"உப்பிடிச் செருப்பு சந்தை முழுக்கக் கிடக்கெண்டு அவன்ரை சட்டத்தரணி சொல்லிப்போடுவார். நீங்கள் ஆளைத் தொட்டுக் காட்டினால்தான் வழக்கு நிக்கும். இல்லாட்டி வெங்காயம் உரிக்க வீட்டை போயிடுவான்."

கறுப்பு உடுப்பு, நல்ல உயரம், ஈரமில்லாத கண்கள். ஒழுங்கை முனையில் நின்று தன்னை ஒருமுறை ஊடுருவிப் பார்த்துவிட்டுப் போனான் என்றுதான் ஜெயசுதன் வாக்குமூலம் கொடுத்திருந்தான். கேட்டவர்களுக்கும் அப்படியே சொன்னான். சொல்லச் சொல்ல வயலின்கூட இலேசாகக் கேட்டது.

நடந்தது வேறு. மங்கிய சேட்டோடு ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். சுருட்டிய உரப்பையொன்றைக் கமக்கட்டுக்குள் இடுக்கியிருந்தான். மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது செருமிவிட்டு அடங்கியது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. ஒருக்காத் தள்ளி விடுவியளே?"

ஜெயசுதன் தள்ளினான். இரண்டு கையாலும், மூச்சு வாங்க, ஒழுங்கை முடக்கு வரைக்கும் தள்ளினான். இயந்திரம் பிடித்ததும் அவன் திரும்பிப் பாராமலே "பெரிய உபகாரம் அண்ணை" என்றுவிட்டுப் போனான். வளவின் பின்பக்கத்திலிருந்து வீட்டுக்குள் வந்த சிவக்கொழுந்து அலறியது அதற்குப் பிறகுதான். கொலைகாரனின் உளவியல் கற்றவன் கொலைகாரனுக்கு வண்டி தள்ளிக் கொடுத்தான் என்பதை எந்தப் பேட்டியில் சொல்வது?

நீதவானின் முன் வரிசையாக ஆட்கள் நின்றார்கள். ஜெயசுதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனான். பஸ்ஸுக்கு நிற்பவனின் முகம். ஆசுப்பத்திரியில் இலக்கத் துண்டு வாங்கிவிட்டுக் குந்தியிருப்பவனின் முகம். எல்லாருமே வண்டி நின்றுபோனால் தள்ளச் சொல்லிக் கேட்கக்கூடியவர்கள். கேட்டால் இவனும் தள்ளக்கூடியவன். அன்றைக்கு வந்தவனின் முகத்தை ஜெயசுதன் ஒழுங்காகப் பார்க்கவில்லை, மரங்களுக்குள்ளால் வந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அந்தக் கழுத்து வேறு விஷயம். ஒழுங்கை நீளத்துக்கும் அது அவன் மூக்குக்கு முன்னால் இருந்தது. ஒடிசலான பிடரி, மயிர் முடியும் இடத்தில் பழைய கட்டி உடைந்து ஆறிய பள்ளம்.

"அடையாளம் காட்ட முடியுமா?" என்று நீதவான் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் சிவக்கொழுந்து நிற்கிற மரத்தடியால்தான் போக வேண்டும்.

"சேர், அவையைத் திரும்பி நிக்கச் சொல்லுங்கோ."

"ஏன்? உங்களை நேருக்கு நேர் பார்த்தான் என்றுதானே இங்கே எழுதியிருக்கிறது?"

"பாக்கேல்லை சேர். நான்தான் பின்னாலை நிண்டு அவன்ரை மோட்டச்சைக்கிளைத் தள்ளி விட்டனான்."

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனை நின்றது. கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று இரண்டையும் கெடுத்தார். நீதவான் சிரிக்கவில்லை. "சொன்னதை அப்படியே எழுதுங்கள்," என்றார்.

வரிசை சுவரைப் பார்த்துத் திரும்பியது. ஜெயசுதன் பிடரிகளின் பின்னால் மெதுவாக நடந்தான். அந்தப் பள்ளம் தெரிந்த இடத்தில் கால் நின்றது. அவன் தொட்டுக் காட்டக் கையை உயர்த்தினான். அந்த ஆள் திரும்பவில்லை. நாற்காலியில் அமர்ந்து சலூன்காரனுக்கு வசதி செய்து கொடுப்பவனைப்போல, தலையைச் சற்றே முன்னுக்குக் குனிந்து கொடுத்தான்.