கையைத் தூக்குடா, ஜாமரி!

ஆரின் ப்ளெவின்ஸின் மனைவி லொரேன், ஆட்டப் பருவம் முடிகிற ஒவ்வொரு ஜனவரியிலும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கட்டவா, பிரிக்கவா?"

வீட்டுச் சாமான் பெட்டிகளைப் பற்றித்தான் கேட்பாள். தலைமைக் கோச்சின் சீட்டு கிழியும்போதெல்லாம் கூடவே ப்ளெவின்ஸின் சீட்டும் கிழிந்துகொண்டே வந்திருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கிய பிழைப்பு, ஊர் ஊராக, அணி அணியாக அலைந்து, கடைசியில் டொலீடோவுக்கு வந்து நின்றிருந்தது. இங்கே வந்தும் மூன்று வருஷம் ஆகிவிட்டது. கூடத்தில் டிவி இன்னும் பிரிக்காத ஒரு பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது லொரேனுக்கே மறந்துபோயிற்று.

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பாலில் அவர் ஸ்பெஷல் டீம்ஸ் கோச். பெயரைக் கேட்டால் என்னமோ மேளதாளத்தோடு வருகிற பதவி மாதிரி இருக்கும். ஒரு மண்ணும் கிடையாது. பந்தைக் காலால் உதைக்கிற கட்டம் வந்தால் மட்டும் இவர் ஆட்கள் உள்ளே போவார்கள். உதைக்க வேண்டும், எதிராளி உதைத்ததைப் பிடிக்க வேண்டும், பிடித்தவன் ஓட வழி பண்ணித் தர வேண்டும். மற்ற கோச்சுகளுக்குப் பொறுக்கியெடுத்த ஆட்கள், இவருக்கு மிச்சம் மீதி. வேலை ஒழுங்காக நடந்தால் ஒருத்தன் இவர் பெயரைச் சொல்ல மாட்டான். சொதப்பினால் ஊரே சொல்லும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரே சொன்னது.

காரணம் ஜாமரி பூஷே. எதிராளி உதைத்து அனுப்புகிற பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன். லூசியானாக்காரன், காலில் சக்கரம், வாயில் அதைவிடப் பெரிய சக்கரம். இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டினால், "நான் ஓடப்போவதில்லை, யாரும் என்னைத் தொடாதே" என்று அர்த்தம். நிம்மதியாகப் பிடிக்கலாம், ஒருத்தன் மேலே விழ மாட்டான். ஆனால் ஜாமரிக்குக் கையைத் தூக்குவது என்றால் பேண்டை அவிழ்ப்பது மாதிரி. "கையத் தூக்குறது தோத்தாங்குளி பண்ற வேலை கோச். ஊர்ல எங்க அண்ணனுங்க நாலு பேரும் டிவி பாக்குறானுங்க. சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டுவானுங்க" என்பான்.

போன வாரம் ப்ளெவின்ஸ் தொண்டை கிழிய "கையைத் தூக்குடா!" என்று கத்தினார். தூக்கவில்லை. பிடித்த மறுநொடி இரண்டு தடியன்கள் மோதி, பந்து நழுவி, ஆட்டமே போயிற்று.

தலைமைக் கோச் கார்வர் ஸ்டால் அன்றைக்கே ஜாமரியைத் துரத்திவிடத் துடித்தார். பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். ப்ளெவின்ஸ் கண்ணிமைக்காமல் சொன்னார்: "ஓடுன்னு சொன்னது நான்தாங்க. தப்பு என்னோடது."

பச்சைப் பொய். அவருக்கே அது ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. காற்றடிக்கும்போது பந்தைப் பிடிக்க அவனை விட்டால் ஆளில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். பையனோ நன்றிகூடச் சொல்லவில்லை, வாரம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, உடைமாற்றும் அறைக்கு வெளியே ஸ்டால் அவரை ஓரங்கட்டினார்.

"ஆரின், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். இன்னிக்கு ஓமஹாவ ஜெயிச்சா அடுத்த சுற்றுக்குப் போறோம், எல்லாரும் தப்பிச்சோம். தோத்தா முதலாளிக்கு ஒரு தலை வேணுமாம்."

"என் தலைதானே?"

"போன வாரம் நீயேதானே தட்டுல வச்சுக் குடுத்த!"

ப்ளெவின்ஸ் சிரித்தார். இந்த வயசில், அதுவும் ஊரே பெயர் சொல்லித் திட்டிய பிறகு, இன்னொரு அணி கூப்பிடாது. இன்று தோற்றால் வேலை மட்டும் போகாது, ஆட்டமே அவரை விட்டுப் போய்விடும்.

அவரிடம் இன்னொரு கிறுக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. விதிப்புத்தகத்தில் தூசி படிந்து கிடக்கிற ஒரு விதி. ஒருத்தன் கையைத் தூக்கிப் பந்தைப் பிடித்தால், பிடித்த இடத்திலேயே பந்தை நிறுத்தி, அவன் அணி எதிரி எல்லையில் நிற்கிற இரட்டைக் கம்பத்துக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலாக ஓர் உதை உதைத்துக்கொள்ளலாம். எதிராளி கிட்டே வந்து மறிக்கக் கூடாது. உள்ளே போனால் மூன்று புள்ளி. பந்து ஆகாயத்தில் இருக்கும்போது கடிகாரம் முடிந்திருந்தாலும் அந்த ஓர் உதை உண்டு. விதி எல்லாருக்கும் தெரியும், எவனும் சீந்துவதில்லை. பெரும்பாலும் கம்பம் எங்கேயோ கண்காணாத தூரத்தில் இருக்கும்.

ப்ளெவின்ஸ் மட்டும் போன ஊரிலெல்லாம் சனிக்கிழமைதோறும் இதைப் பயிற்சி செய்ய வைத்தார். ஆட்டத்தில் ஒரே ஒரு தடவைகூட வாய்ப்பு வரவில்லை. ஆட்கள் அதற்கு "கோச் பூசை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இன்னிக்கு சாமி வருமா கோச்?" என்று ஜாமரி கேட்பான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஏரிக்காற்று அன்று பேய்க்காற்றாக அடித்தது. ஹாட் டாக் சுற்றிய காகிதங்களெல்லாம் மைதானத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தன. ஆட்டம் முழுக்க இழுபறி. கடைசியில் ஓமஹா இரண்டு புள்ளி முன்னே. விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய விநாடிகள்தான் பாக்கி. பந்து ஓமஹாவிடம், அதுவும் அவர்கள் எல்லைக்கோட்டின் பக்கத்திலேயே. முன்னேறக் கிடைத்த மூன்று முயற்சியும் வீணாகிவிட்டதால் இனி அவர்கள் உதைத்து அனுப்பியே ஆக வேண்டும், பந்து இறங்குவதற்குள் நேரம் தீர்ந்துவிடும். கூட்டத்தில் பாதி கோட்டு பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டது.

ப்ளெவின்ஸ் கொடியைப் பார்த்தார். காற்று ஓமஹா உதைகாரனின் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. முகத்தில் அறைகிற காற்றில் பந்து தூரம் போகாது. நடு மைதானத்திலேயே இறங்கிவிடும். அதே காற்று திருப்பி உதைக்கிறவனுக்கோ...

ஆத்தாடி! அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி வந்துகொண்டிருந்தது!

"ஜாமரி! இங்க வா!"

ஸ்டால் குறுக்கே விழுந்தார். "அவன் வேணாம் ஆரின். வேற யாரையாவது அனுப்பு."

"இந்தக் காத்துல வேற யாரு பிடிப்பா? அவன்தான் போறான். என் தலைதானே, நான் பாத்துக்கறேன்."

ஜாமரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வந்தான். ப்ளெவின்ஸ் அதன் கம்பியைப் பிடித்துத் தன் முகத்தருகே இழுத்தார்.

"வழக்கத்த விட முன்னாடி போய் நில்லு. பந்து குட்டையா விழும். கையைத் தூக்கிப் பிடி."

"கையைத் தூக்கவா? கோச், நேரமே இல்ல! தூக்கினா அங்கயே ஆட்டம் முடிஞ்சுது. நான் ஓடினாலாவது—"

"சனிக்கிழமைப் பூசைடா, மடையா!"

நடுவர் விசில் ஊதிவிட்டார். பையன் ஓடினான். புரிந்ததா, புரியவில்லையா, புரிந்தும் வீம்பா, ஒரு இழவும் தெரியவில்லை.

பந்து பின்னால் நின்ற உதைகாரனின் கைக்கு வந்தது. ஓமஹாக்காரன் உதைத்தான். பந்து மேலே போயிற்று, மேலே, இன்னும் மேலே, அங்கே காற்று அதைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது. முழு அரங்கமும் எழுந்து நின்று ஒரே குரலில் கத்தியது: "ஓடு! ஓடு! ஓடு!" அறுபதாயிரம் பேரும் அந்த ஒருத்தனைத்தான் பார்த்துக் கத்தினார்கள். ப்ளெவின்ஸ் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. போன வாரம் கிழிந்த தொண்டை இப்போது பார்த்து அடியோடு கைவிட்டதே, பாவி மனுஷனுக்கு! கடிகாரத்தில் கடைசி விநாடியும் செத்தது. ஜாமரி முன்னே ஓடி வந்தான், நின்றான், இடப்பக்கம் ஓரடி நகர்ந்தான், தலையை ஒருதரம் திருப்பினான்.

அவன் கை மேலே போயிற்று.

நேராக, உயரமாக, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தவன் தூக்குகிற மாதிரி. பந்து அவன் நெஞ்சில் வந்து பூனைக்குட்டி மாதிரி ஒடுங்கியது.

அப்புறம் எழுந்ததே ஒரு ஊளை! சொந்த ஊர்க்காரர்களே பியர் குவளைகளை விட்டெறிந்தார்கள். "கோழைப் பயலே!" "வீட்டுக்குப் போடா!" ஓமஹாக்காரர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறிக் குதித்தார்கள். ஜெயித்தால் செய்கிற வழக்கப்படி இரண்டு பேர் ஆரஞ்சு நிறத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் கோச்சின் தலையில் கவிழ்த்தே விட்டார்கள். கொட்டட்டும், நன்றாகக் கொட்டட்டும்!

"என்ன எழவுடா பண்ணான் அவன்!" என்று ஸ்டால் தலையில் அடித்துக்கொண்டார்.

ப்ளெவின்ஸ் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பூனை கத்துகிற மாதிரி ஒரு குரல் வந்தது. "உதைக்கிறோம்னு சொல்லு கார்வர்! நீ சொன்னாத்தான் செல்லும்! கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கான்யா, நமக்கு ஒரு உதை இருக்கு!"

ஸ்டாலின் முகத்தில் விளக்கு எரிந்தது. இரண்டு பேருமாக நடுவரிடம் ஓடினார்கள். நரைத்த தலை நடுவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், ஒரு அடி நகரவில்லை.

"கேப்பீங்களா மாட்டீங்களான்னுதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். "எனக்கும் ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஒரு தடவையாவது இதைப் பாக்கணும்னு ஆசை இருக்காதா?"

மைக்கில் அவர் அறிவித்ததும் ஊளை பாதியில் அறுந்தது. கோட்டு பொத்தான் போட்டவர்களெல்லாம் மறுபடி உட்கார்ந்தார்கள். ஓமஹா கோச் ஈரத்தலையோடு குதித்தார், "இது என்ன கூத்து? ஆட்டம் முடிஞ்சுபோச்சு!" ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அவருடைய ஆட்கள் முனகிக்கொண்டே தூரப் போய் வரிசையில் நின்றார்கள்.

உதைகாரன் டோபின் விட்டேக் வந்தான். வழக்கம்போல வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்து ப்ளெவின்ஸின் உள்ளங்கையில் ஒட்டினான். எத்தனை திட்டினாலும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

"கோச், இவ்ளோ தூரம் நான் ஆட்டத்துல உதைச்சதே இல்ல."

"யாரும் உன் மேல வந்து விழப்போறதில்ல. காத்து உன் முதுகுல இருக்கு. சனிக்கிழமை மாதிரி நல்லா ஓடி வந்து உதை, போ."

ஒருத்தன் மண்டியிட்டு விரல் நுனியில் பந்தை நிறுத்திப் பிடித்தான். எதிரே ஒருத்தனும் பாய்ந்து வரவில்லை. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் இவ்வளவு அமைதியை ப்ளெவின்ஸ் கேட்டதே இல்லை. விட்டேக் ஓடி வந்தான், உதைத்தான்.

பந்து கிளம்பியது. காற்று அதைத் தூக்கிக்கொண்டது. "போ, போ, போடா கண்ணு!" ப்ளெவின்ஸ் சூயிங்கத்தை நசுக்கிக்கொண்டே கெஞ்சினார். பந்து இறங்கத் தொடங்கியது. குறுக்குக் கம்பியில் டங்கென்று பட்டது. மேலே எழும்பியது. ஒரு கணம் யோசித்தது. பின்பு, கம்பியைத் தாண்டி அந்தப் பக்கமே விழுந்தது!

ஐயோ, அந்தச் சத்தம்! ஏரியில் கப்பல்காரனுக்கும் கேட்டிருக்கும். குவளையை விட்டெறிந்த அதே ஆட்கள் பக்கத்திலிருந்தவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஸ்டால் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார், அது காற்றோடு போய்விட்டது, திரும்பி வரவேயில்லை. ப்ளெவின்ஸ் நின்ற இடத்திலேயே முழங்காலில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்காமல் அவருக்கு மூச்சே வரவில்லை.

உடைமாற்றும் அறையில் பத்திரிகைக்காரர்கள் விட்டேக்கைச் சுற்றி ஈயாக மொய்த்தார்கள், மிச்சப் பேர் ஸ்டாலை. ப்ளெவின்ஸிடம் ஒருத்தரும் வரவில்லை. அதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை, சூயிங்கத்தைக் கையிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தார். ஜாமரி வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"அண்ணனுங்க கூப்பிட்டானுங்களா?" என்று கேட்டார்.

"பிடிச்சதும் ஒருத்தன் 'கோழை'ன்னு மெசேஜ் போட்டிருக்கான். அடுத்து 'மன்னிச்சுக்கடா'ன்னு போட்டிருக்கான். பிரேம் போட்டு மாட்டப்போறேன்."

"நான் கத்தப் பாத்தேனே, ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"நீங்க எங்க கத்தினீங்க? ஒண்ணுமே கேக்கல. ஓடிரலாம்னுதான் இருந்தேன், சத்தியமா. சும்மா ஒருதரம் திரும்பிப் பாத்தேன். அறுபதாயிரம் பேரு 'ஓடு, ஓடு'ன்னு கையக் காட்டுறானுங்க. ஒரு கிழவன் மட்டும் கையத் தூக்கிக்கிட்டு நிக்கிறான்."

ப்ளெவின்ஸ் திகைத்துப்போனார். கையைத் தூக்கினாரா? தனக்கே தெரியவில்லையே!

"போன வாரம் எனக்காக ஏன் கோச் பொய் சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? வாய் தானா சொல்லிடுச்சு."

"என் கையும் இன்னிக்குத் தானாத்தான் போச்சு" என்றான் ஜாமரி. அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

கதவோரமாகப் போன ஸ்டால் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "ஆரின்! நாளைக்கு சீக்கிரம் வந்து சேரு. அடுத்த ஆட்டத்துக்கு வீடியோ பாக்கணும்!"

அவ்வளவுதான். ப்ளெவின்ஸுக்கு அதுபோதும். போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"லொரேன், பெட்டியப் பிரி!"

அந்தப் பக்கம் அட்டை கிழிகிற சத்தமும் பாத்திரங்கள் உருளுகிற சத்தமும் கேட்டன.

"பிரிச்சு எவ்ளோ நேரமாச்சு! உள்ள என் நல்ல வாணலி இருந்துருக்கு, ஆரின்! வருஷக்கணக்கா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"விட்டேக் உதைச்ச உடனேயா பிரிச்ச?"

"உதைச்ச உடனேயா?" என்றாள் லொரேன். "சனிக்கிழமைதோறும் சாப்பாட்டு மேசையில நீ புலம்புனத எல்லாம் வேற யாரு கேட்டதுன்னு நெனச்ச? அந்தப் பையன் கையத் தூக்கினான் பாரு, அப்பவே டிவியக் கீழ எறக்கி வச்சுட்டேன்."