ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த போன்

"ஈரம் பூராவும் போயிருச்சு தாயி. ராத்திரி முழுக்க ஸ்டோருக்குள்ளதான் வச்சிருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே தங்கபாண்டி மஞ்சப் பையிலிருந்து போனை எடுத்துப் பெனிட்டாவின் கையில் வைத்தார். அவருடைய இன்னொரு கையில் மாலை இருந்தது. பந்தலுக்குள் வாங்க என்று அவரை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

போன் அப்பாவுடையது. அப்பா சின்னப்பராஜ் வீட்டுக்குள்ளே ஐஸ் பெட்டியில் படுத்திருந்தார், கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டு. நேற்று மத்தியானம் மலைமேல் கம்பம்மெட்டில், ஏலக்காயைக் கழுவிக் காய வைக்கிற ஸ்டோரில் வேலையில் இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கையிலிருந்த போன் காய் கழுவுகிற தொட்டிக்குள் விழுந்துவிட்டது. அதைத்தான் ஸ்டோர் சூப்பர்வைசர் தங்கபாண்டி எடுத்து, ஏலக்காயோடு ஏலக்காயாகத் தட்டில் வைத்து, சூட்டு அறைக்குள் தள்ளிக் காய வைத்திருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கை விட்டால் உலகத்தில் வேறு எந்த மனுஷனுக்கு இப்படி ஒரு யோசனை வரும்! நல்ல எண்ணத்தில் செய்ததுதான். பேட்டரி உப்பி, பின்மூடி வாயைப் பிளந்து, போன் முழுக்க ஏலக்காய் மணந்தது.

அதற்குள் அண்ணன் அருண் ஜோசப் வாசலுக்கு வந்துவிட்டான்.

"யாரைக் கேட்டு இங்கன வந்தீக? எங்கப்பாவக் கொன்னுபோட்டு மாலை வேறயா?"

"தம்பி, சாமி சத்தியமாச் சொல்றேன். மொகம் வேர்த்திருக்கு, ஜீப்பை எடுக்கச் சொல்றேண்ணேன்னேன். வேணாம்னுட்டாக. ஜீப்பு கீழ போனா காய் எறக்குற வேலை நின்னுரும், எம்மக ஸ்கூட்டில வந்து கூட்டிட்டுப் போயிருவான்னு சொன்னாக. போனைக் காதுல வச்சத இந்தக் கண்ணால பாத்தேன். அடுப்புல வெறகத் தள்ளிட்டு வாரதுக்குள்ள..."

"பொய்!" அருண் கத்தியதில் பந்தலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் திரும்பின. "பாப்பாவுக்கு அப்பா போன் போட்டு அவ எடுக்காம இருப்பாளா? கேளுங்க அவகிட்டயே! நீங்கதான் வேலை கெட்டுரும்னு ஆளை விடாமப் பிடிச்சு வச்சிருக்கீக."

எல்லாரும் பெனிட்டாவைப் பார்த்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தை. 'எடுக்கல' என்று சொன்னால் முடிந்தது. பாவி நாக்கு அசையவில்லை. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒன்று, ஐம்பத்து நாலுக்கு ஒன்று. இரண்டு அழைப்பும் அவள் போனில் சிவப்பாகக் கிடக்கின்றன. அவள் தன் போன் ரிப்பேர் கடையில் இருக்கிற நேரத்தில் அப்பா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "தொழில் பழகுற பிள்ளைய நொய்நொய்னு கூப்பிடாத," என்று அம்மாவையே அதட்டுகிற ஆள். அப்படிப்பட்டவர் பட்டப்பகலில் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். பன்னிரண்டே காலுக்குப் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டபோது சுவிட்ச் ஆஃப். இருபது நிமிஷத்தில் சாவுச் செய்தி வந்தது. அப்போதிருந்து அவள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அவள் வாயை மூடிக்கொண்டு நின்றதையே அருண் சாட்சியாக எடுத்துக்கொண்டான். "பாத்தீகளா!" என்றான். தங்கபாண்டியின் முகம் செத்துப்போயிற்று. இருபது வருஷம் அப்பாவோடு ஒரே ஜீப்பில் வேலைக்கு மலையேறிய மனுஷன். இன்றைக்கு இந்த மாலையோடு திருப்பி அனுப்பப்பட்டால், கூடலூரிலிருந்து சின்னமனூர்வரை அவர் பெயர் நாறிப்போகும். வேலையாளைச் சாகவிட்டவன் என்று ஜீப்புக்கு ஜீப்பு பேசுவார்கள். அது பெனிட்டாவுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் நின்றாள்.

உள்ளேயிருந்து அம்மா இருதயம்மாளின் குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல்.

"எதுக்குச் சண்டை? போனைத் தொறந்து பாருங்க. கடைசியா அவுக யாருக்குப் பேசுனாகன்னு எனக்குத் தெரியணும்."

"செத்த போனும்மா அது," என்றான் அருண். "வேகவச்சுக் கொண்டாந்திருக்காரு. அத இப்ப எதுக்கு?"

"பின்ன ஒந்தங்கச்சி எதுக்குக் கடை போட்டிருக்கா? நாலு மணிக்குக் கோயிலுக்குத் தூக்கணும். அதுக்குள்ள எனக்குத் தெரியணும்."

அருண் பைக் சாவியைத் தேடி உள்ளே போன நேரத்தில், பெரியம்மா மகன் ஜோயல் பெனிட்டாவின் பக்கத்தில் வந்து குசுகுசுவென்று ஆரம்பித்தான். அவனுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்ற கூறு பிறந்ததிலிருந்தே கிடையாது.

"எழவு வீட்ல கேக்கக்கூடாதுதான். நானும் கம்பத்துல ஒரு மொபைல் கடை போடலாம்னு இருக்கேன். என்னென்ன பாக்கணும்?"

வேறு நாளாக இருந்தால் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். இன்றைக்கு எதையாவது பேசினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"மொதல்ல ஆறு மாசம் ஒரு கடையில உக்காந்து பழகு. எடுத்த ஒடனே டிஸ்பிளேயா வாங்கி அடுக்காத, நம்ம ஊர்ல ஓடுற நாலஞ்சு மாடலுக்கு மட்டும் வச்சுக்க. போனை வாங்கையில அவுக முன்னாடியே ஆன் பண்ணிக் காட்டி, என்னென்ன பழுதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிரு. இல்லாட்டி கேமராவ நீதான் கெடுத்தன்னு வந்து நிப்பாக. பில்லு இல்லாத போனு எவன் கொண்டாந்தாலும் தொடாத. தண்ணியில விழுந்தத சரி பண்ணித் தாரேன்னு வாக்குக் குடுக்காத, பாக்குறேன்னு மட்டும் சொல்லு."

"அப்புறம்?"

"சூட்டு மிஷின் கையில இருக்கையில..." அவள் நிறுத்திவிட்டாள்.

"இருக்கையில?"

"ஒம்போனு அடிச்சா எடுக்கக்கூடாது. சைலண்ட்ல போட்ரணும். ஒரு நிமிசம் கவனம் தப்புனா அடுத்தவுக போர்டு கருகிரும்."

ஜோயல் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டான். நேற்று அப்பா கூப்பிட்ட நேரத்தில் பெனிட்டா தன் போனைச் சைலண்டில் போட்டுவிட்டு ஒரு டீச்சருடைய போனுக்குச் சார்ஜ் பின் மாற்றிக்கொண்டிருந்தாள். வேலை சுத்தமாக முடிந்தது. டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு, அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் கடை. போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. துக்கத்துக்குச் சாத்திய கடை என்பதால் ஷட்டரைப் பாதிக்கு மட்டும் ஏற்றி, இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். அருண் ஸ்டூலில் உட்கார்ந்தான், உடனே எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். பஸ் ஹாரன் அடித்தால்கூடத் திடுக்கிட்டான்.

பெனிட்டா மூடியை நெம்பிக் கழற்றினாள். உப்பிய பேட்டரியில் கத்தி முனை பட்டால் தீப்பிடிக்கும், ஆகவே பிளாஸ்டிக் பட்டையைக் கொடுத்து மெல்ல மெல்லத் தூக்கினாள். போர்டை வெளியே எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். ஓர் ஓரத்தில் பச்சைக் களிம்பு. காயின் பச்சை மாறாமலிருக்கத் தொட்டியில் கலக்கிற சோடாத் தண்ணீர் தின்ற இடம். ஸ்பிரிட்டைத் தொட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தாள். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருந்தது. தங்கபாண்டியின் கிறுக்கு வைத்தியம் பேட்டரியைக் கெடுத்தாலும் போர்டைக் காப்பாற்றித்தான் இருந்தது.

"வருமா?" என்றான் அருண்.

"பாக்குறேன்."

"வராதுன்னு சொல்லிரு பாப்பா. அம்மா நம்பிக்கும். இது ஓடுமா ஓடாதான்னு ஒனக்கு ஒருத்திக்குத்தான தெரியும்."

பெனிட்டா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். தெரிந்துவிட்டது இவனுக்கு. எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். தங்கச்சியைக் காப்பாற்றத்தான் அந்த மனுஷன்மேல் பழியைத் தூக்கிப் போடுகிறான். நன்றி வரவேண்டிய இடத்தில் அவமானம்தான் வந்தது.

பவர் சப்ளையின் இரண்டு ஒயரையும் போர்டில் கவ்வினாள். மிஷினில் எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அப்படி ஏறி இறங்கினால் போனுக்கு உசுரு இருக்கிறது என்று அர்த்தம். அருணுக்கு அது தெரியாது. இன்னும் அரை நிமிஷத்தில் திரை வெளிச்சமாகிவிடும்.

சுவிட்சை அணைத்தாள். "வராதுண்ணே," என்றாள்.

அருண் ஒரு பெருமூச்சு விட்டான், மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி. "சரி, கெளம்பு," என்று சொல்லிக்கொண்டே தன் போனை எடுத்து ஊருக்குக் கூப்பிட்டான். "ஏலே ஜோயல், போனு வராதாம். அந்தாளு இன்னும் அங்கனதான் நிக்கிறாரா? போகச் சொல்லு. மாலையத் தெருவுல போட்டுட்டுப் போகச் சொல்லுடா."

மாலையைத் தெருவில் போடுவதா? அப்பாவுக்கு வாங்கிய மாலையை!

"இருண்ணே," என்றாள் பெனிட்டா. "பொய் சொல்லிட்டேன். இது வரும்." அணைத்த சுவிட்சில் விரலை வைத்தாள். "அப்பா எனக்குத்தான் கூப்பிட்டாக. ரெண்டு தடவை. நான் எடுக்கல. அந்த மனுசன் சொன்னதெல்லாம் நெசம்." சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

அண்ணன் தன்னை அடிப்பான் என்று நினைத்தாள். அவனோ அவளைப் பார்க்கவே இல்லை, போனையே பார்த்தான்.

"அணைச்சிரு."

"அண்ணே?"

"அணைச்சிரு பாப்பா, சொல்றேன்ல!" ஒயரைப் பிடுங்கப் பாய்ந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். லோடு வேன் ஓட்டுகிற கை, உதறியிருந்தால் அவள் சுவரில் போய் விழுந்திருப்பாள். அவன் உதறவில்லை. பிடித்த பிடியிலேயே இருவரும் நிற்க, திரை வெளுத்து, ஓரத்தில் ஒரு கறையோடு அப்பாவின் போன் உசுரோடு எழுந்தது. லாக் நம்பரைப் போட்டு அவள் திறந்தாள்.

எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டாமென்று, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் முகத்தை வைத்து அப்பாவுக்குப் பழக்கிக் கொடுத்தவள் அவள்தான். அழைப்புப் பட்டியலில் மேலே இரண்டு இடத்தில் அவள் முகம். ஐம்பத்து நாலு. ஐம்பத்திரண்டு. அதற்குக் கீழே, பதினொன்று நாற்பத்தேழுக்கு, மீசையோடு சிரிக்கிற அருணின் முகம். பேசிய நேரம் ஒன்பது விநாடி.

வெளியே போடி ஊருக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர், போடி போடி என்று கூவி ஆளேற்றிக்கொண்டிருந்தார்.

"கம்பம் மார்க்கெட்லதான் இருந்தேன்," என்றான் அருண். "அரை மணி நேரத்துல மேல போயிருக்கலாம். வண்டி கையிலதான் இருந்துச்சு. ஏப்பா, ஒரு மாதிரியா வருதுடான்னாரு. லோடு ஏத்திட்டிருக்கேம்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்னு வச்சிட்டேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "என்ன மாதிரின்னுகூடக் கேக்கல பாப்பா."

அவள் அவன் மணிக்கட்டை விட்டாள். அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபப்பட அவளுக்கு என்ன யோக்கியதை? அதே மாடல் பழைய போன் ஒன்று டப்பாவில் கிடந்தது. அதன் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினாள். மூடியை அழுத்தி, ரப்பர் பேண்ட் போட்டாள்.

"அம்மாட்ட யார் சொல்றது?" என்றான் அருண்.

"போனு சொல்லும். நம்ம கொண்டுபோய்க் குடுப்போம்."

அவன் மறுபடி ஜோயலைக் கூப்பிட்டான். "அவர நிக்கச் சொல்லுடா. எங்கிட்டும் விட்ராத. நான் வந்துர்றேன்."

தங்கள் ஊரான அனுமந்தன்பட்டிக்குள் அவர்கள் திரும்பியபோது மணி ஒன்றரை. தெருமுனை டீக்கடைக்கு எதிரே, நிழல் பக்கம்கூட ஒதுங்காமல் தங்கபாண்டி நின்றிருந்தார். மாலை கையில்தான் இருந்தது. பைக்கைப் பார்த்ததும் ஓரடி பின்னால் வைத்தார். அருண் வண்டியை நிறுத்தினான், அந்த மாலையைப் பார்த்தான், உடனே வீட்டுக்கு ஓட்டிவிட்டான்.

வீட்டுக்குள் ஜெபமாலை ஒரு சுற்று முடிந்து பெண்கள் ஓய்ந்திருந்தார்கள். இருதயம்மாள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"போனு வந்துச்சா?"

"வந்துச்சும்மா," என்றான் அருண். அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. பெனிட்டா குனிந்து, பட்டியலைத் திறந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு விலகிப் போகாமல் அங்கேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அருணும் உட்கார்ந்தான்.

இருதயம்மாள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். மகன் முகம். மகள் முகம். மகள் முகம். ஒன்றை விரலால் தொட்டாள், அடுத்ததையும் தொட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்ப்பாள் என்று இருவருமே காத்திருந்தார்கள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது பெனிட்டாவுக்கு.

"மூணு தடவ கூப்பிட்டிருக்காக," என்றாள் அம்மா, பெட்டியைப் பார்த்து.

பிறகு வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள். "தங்கபாண்டித் தம்பிய உள்ள வரச் சொல்லுங்க. காலையில இருந்து வெயில்ல நிக்கிறாக."

அருண் எழுந்து போனான். இருதயம்மாள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திரை மங்க மங்க, வெளிச்சம் அணைந்துவிடாதபடி பெருவிரலால் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.