இன்ஷிராவின் எண்

விடியுமுன் பஜ்ர் தொழுகை முடிந்து ரொட்டி வண்டி வந்து நிற்கும்போதே நாங்கள் ஆறு பெண்களும் பேரங்காடியின் கல்லாக்களில் நின்றாக வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் அலெக்ஸாண்டிரியாவின் கடல்காற்று முழங்காலைக் குத்தும். உட்கார நாற்காலி கிடையாது. எண்ணெய் டின்னும் அரிசிப் பையும் தூக்கித் தூக்கி, வெயில் ஏறுமுன் மணிக்கட்டு விட்டுப்போகும்.

அவரவர் எண்ணை அழுத்தினால்தான் இயந்திரம் திறக்கும். பிறகு எத்தனை பொருள் போனது, எவ்வளவு வேகம், கை எத்தனை நேரம் சும்மா இருந்தது, எல்லாம் அந்த எண்ணின் பேரில் ஏறும். எதிரே நின்று அழுத்துவது யார் என்பது மட்டும் அந்தப் பாழாய்ப்போன பெட்டிக்குத் தெரியாது.

எங்களில் இன்ஷிராவுக்கு இது ஏழாம் மாதம். போன தடவை இதே கல்லாவில் நின்று நின்றுதான் பிள்ளை கலைந்தது. நாற்காலி கேட்டாள். வேகம் குறைந்தால் வீட்டிலேயே உட்காரலாம் என்றார் மேலாளர் மித்ஹத். எனவே எங்கள் இடைவேளையில் அவளைச் சரக்கறையில் உட்கார அனுப்பிவிட்டு, அவள் எண்ணில் நாங்கள் மாறிமாறி பில் போட்டோம். அவள் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று, சொந்தக் கல்லாவில் ஓடாத ஓட்டம் ஓடினோம். புத்தி கெட்டவர்கள்.

இன்று விடிகாலை, கடை திறக்குமுன் மித்ஹத் எங்களைக் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்கம்மா, வயித்துப் புள்ளக்காரி உங்க எல்லாரையும் முந்திட்டா. இனிமே இதுதான் எல்லாருக்கும் வேகம். முடியாதவங்க எண்ண அழிச்சிருவேன்." இன்ஷிராவிடம் திரும்பினார். "உனக்கு எதுக்கு நாற்காலி? நீதான் சிங்கமாச்சே."

உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த வேகத்தில் நாங்கள் செத்தோம், அவளும் பிள்ளையும் அதற்கு முன்னால். எங்கள் இரக்கத்தை எடுத்தே எங்களை அடித்துவிட்டார். இன்ஷிரா சத்தமில்லாமல் அழுதாள்.

வஃபா முன்னே போனாள். எங்களில் வாய் நீளம் அவளுக்குத்தான்.

"அது அவ வேகம் இல்ல, உஸ்தாத். என் கை."

"இப்படிச் சொன்னா உன் வேலையும் போயிரும், தெரியுமில்ல?"

"தெரியும்."

என் கணவருக்கு வேலையில்லை. இரண்டு பிள்ளைகள். "என் கையும்தான்" என்றேன். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். நாற்காலி வராமல் பில் கிடையாது என்றாள் வஃபா.

முதலாளியிடம் பேச மித்ஹத் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆறு பேரையும் துரத்தினாலும் துரத்துவார். வெளியே ஜனங்கள் கதவைத் தட்டினார்கள். ஆறு திரைகளும் எண் கேட்டு நின்றன. யாரும் அழுத்தவில்லை.