கடலில் இல்லை, ஜெர்வினுக்கு

நான் பேசிய ஒரே ஒரு போனால் எங்கள் ஊரில் ஒரு நாள் முழுக்க ஒரு வள்ளம்கூடக் கடலில் இறங்கவில்லை. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர் திசையன்விளையிலிருந்து கடலைப் பார்க்க இறங்கினால் வருகிற மீன்பிடி ஊர். நான் அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு வாக்கப்பட்டுப் போனவள். பெயர் அஞ்சலின், எல்.கே.ஜி. டீச்சர். நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய், வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. என் வீட்டுக்காரர் கிங்ஸ்டன், "பள்ளிக்கூடம் விட்டாச்சு டீச்சர்" என்பார். அவருக்கென்ன, வாயில்லாப் பூச்சி. வாய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துப் பேச வீட்டில் ஒருத்தி வேண்டாமா?

என் தம்பி ஜெர்வின் அப்பாவோடு வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். வலை இழுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவன் கிறிஸ்மஸுக்குப் பிறகு கடலுக்குப் போவதையே விட்டுவிட்டான். அப்பா எழுப்பினால் "பொறவு வாரேன்" என்பான், போக மாட்டான். அப்பா சோம்பேறி என்றார். அம்மா ரோசம்மா, கண்ணேறு என்று குருசடியில் மெழுகுதிரி ஏற்றினாள். பக்கத்து வீட்டில், யாரோ பொம்பளைப் பிள்ளை ஏமாற்றிவிட்டாள் என்று அவர்களாகவே ஒரு கதை கட்டினார்கள்.

தவக்காலம் தொடங்கும்போது நான் ஊருக்குப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. குளித்து எத்தனை நாளோ, பக்கத்தில் போக முடியவில்லை.

"ஏலே, ஒனக்கு என்னல செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்யலக்கா" என்றான். கொஞ்சம் கழித்து, "அதுதான் செய்யுது" என்றான்.

அம்மா தடுக்கத் தடுக்க அன்றைக்கே அவனை பஸ் ஏற்றி என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

முதலில் எங்கள் தெரு டாக்டரிடம் காட்டினேன். அவர் ரத்தம் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு குறையும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதித் தந்தார். அந்த டாக்டர் அவனை அவசரப்படுத்தாமல் விசாரித்தார். கடைசியில், "இது டிப்ரஷன்மா. மாத்திரை தாரேன். மாத்திரை மட்டும் பத்தாது, பேசவும் செய்யணும். செவ்வாய்க்கிழமை தோறும் கவுன்சிலர் ஹெப்சிபா மேடத்தைப் பாருங்க. இப்போதைக்கு கடலுக்கு அனுப்ப வேண்டாம்" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவுக்குப் போன் போட்டேன். கண்டக்டர்களின் கூவல் ஒரு பக்கம், ஹாரன் ஒரு பக்கம்.

"அம்மா! டாக்டர் பாத்துட்டாவ!" அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு பஸ்காரன் காது கிழிய ஹாரன் அடிக்க வேண்டும்? "டிப்ரஷனாம்! கடலுக்கு அனுப்பாண்டாம்னு சொல்லுதாவ!"

"என்னது, டிப்ரஷனா? கடலுக்குப் போவாண்டாமா?"

"ஆமா, ஆமா! அப்பாட்ட சொல்லிரு!" என்று வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரில் டிப்ரஷன் என்றால் ஒன்றே ஒன்றுதான். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்து புயல் கிளம்புவது. கையெழுத்துப் போடத் தெரியாத பெரிசுகளுக்குக்கூட அந்த இங்கிலீஷ் வார்த்தை மட்டும் அத்துபடி. டவுனில் இருக்கிற மகள் டி.வி.யில் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று அம்மா நினைத்திருக்கிறாள். அப்பாவிடம் சொன்ன கையோடு கோயில் உபதேசியாரிடமும் ஓடியிருக்கிறாள். அவர் கோயில் மைக்கில் அறிவித்துவிட்டார். ஊர் மொத்தமும் சேர்ந்து வள்ளங்களை மேட்டில் இழுத்துப் போட்டு, எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குச் சுமந்தது.

மறுநாள் காற்றும் இல்லை, மழையும் இல்லை. கடல் சும்மா கிடந்தது. பக்கத்து ஊர் வள்ளங்கள் சாளை மீனை அள்ளிக்கொண்டு வந்தன. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எரியுமா எரியாதா?

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி அஞ்சலினு, டிப்ரஷன் எங்கட்டி?"

"எங்கயா? எங்க வீட்டுலதான் படுத்துக் கிடக்கு!"

"வெளையாடாதட்டி. கடல்ல ஒண்ணையும் காணலங்காவ."

"கடல்ல இல்லம்மா! நம்ம ஜெர்வினுக்கு! அவன் மனசுக்கு வந்துருக்க நோயி! அதுக்குப் பேருதான் டிப்ரஷன்!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அதன்மேல் இன்னொரு சிரிப்பு, கூட்டமே சிரிக்கிற சத்தம். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். கோயில் முற்றத்தில் ஊரே நின்று கேட்டிருக்கிறது. மாதாவே! சிரிப்புக்கு நடுவே ஒரு கிழக் குரல், "அப்போ ரோசம்மா மவனுக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று கேட்டது.

"கோட்டியுமில்ல, பைத்தியமுமில்ல வே, நோயி! ஒமக்கு சுகரு இருக்குல்லா, அது மாதிரி இதுவும் ஒரு நோயி!" என்று கத்தினேன். என் எல்.கே.ஜி. பிள்ளைகள் மிரண்டு வாயில் விரல் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஹெப்சிபா மேடத்திடம் போனோம். சின்ன அறை, மூன்று நாற்காலி. அவர் அவனைப் பார்த்து, தூக்கம் எப்படி என்று கேட்டார். "விடியுமுன்ன முழிச்சிக்கிடுதான் மேடம், பொறவு கண்ணே மூடுறதில்ல" என்றேன் நான். சாப்பாடு எப்படி என்று கேட்டார். "ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்கு" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விட்டால் அவன் நாள் முழுக்க அப்படியே இருப்பான், பின்னே யார் பதில் சொல்வது?

"எங்கப்பா இவன சோம்பேறிங்காவ மேடம்" என்றும் சொன்னேன்.

"சோம்பேறின்னா வேலை செய்யாம சந்தோஷமா இருப்பான். நீங்க சந்தோஷமாவா இருக்கீங்க, ஜெர்வின்?" என்று அவர் கேட்டார்.

தம்பி அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். அவர் விடாமல், அதே குரலில், "செத்துரலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "என்ன மேடம் இப்படிக் கேக்கிய? நல்ல குடும்பத்துப் பிள்ள. அவனுக்கு அதெல்லாம் தோணவே தோணாது!"

ஜெர்வின் என்னைப் பார்த்தான். பிறகு, "இல்ல" என்றான்.

"கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துராதும்மா. யாரும் கேக்காட்டிதான் தனியா வச்சுக்கிட்டுத் தவிப்பாங்க" என்றார் மேடம். கொஞ்சமும் கோபப்படவில்லை. "அடுத்த வாரம் நீங்க வெளிய இருங்க, என்ன?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதையே புலம்பிக்கொண்டு வந்தேன். பெற்ற தாய்க்கு அடுத்தபடி நான் வளர்த்த பிள்ளை, என்னை வெளியே இருக்கச் சொல்வதற்கு இவர் யார்?

அதற்குள் ஊர் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டது. அவன் போனில் ஒவ்வொன்றாக வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது. அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து சுற்றிய அஜின்தான் முதலில் அனுப்பினான். "லே டிப்ரஷனு, எங்கனல மையம் கொண்டிருக்க? எப்பல கரையக் கடப்ப?" பின்னால் நாலைந்து பேர் இளிக்கிற சத்தம். ஜெர்வின் அதைக் காதோரம் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டான். நான் போனைப் பிடுங்கி அஜினைக் கூப்பிட்டேன்.

"ஏ சவத்துப்பயலே, கூட்டாளிய நக்கலடிக்கதுக்கு ஒனக்கு வெக்கமா இல்ல?"

"சும்மா வெளையாட்டுக்குக்கா" என்று இழுத்தான்.

"ஒன் வெளையாட்ட அடுப்புல போடு!" என்று வைத்தேன்.

ஜெர்வின் கட்டிலிலிருந்தே, "அவன ஏங்க்கா ஏசுத? ஊருக்கெல்லாம் சொன்னது நீதான்" என்றான். சுருக்கென்றது. நான் வேண்டுமென்றா சொன்னேன் என்று ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் போட்டது அம்மா, மைக்கில் சொன்னது உபதேசியார் என்று அடுக்கினேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "செவ்வாக்கிழம நா வரலக்கா. எங்கயும் வரல" என்றான். மாத்திரை போட ஆரம்பித்தும் ஒன்றும் குறையவில்லையே என்று எனக்குப் பதைபதைப்பு. குறைய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். சொன்னால் மனசு கேட்கிறதா? ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. அவன் அறை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்தே அந்த வாரம் போனது.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, எப்படியாவது தரதரவென்று இழுத்துக்கொண்டு போவது என்று இருந்தேன். தோசைக்கு மாவு ஆட்டிவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. போன் தலையணைமேல் கிடந்தது. வாசலில் செருப்பைக் காணோம். தெருமுனைக் கடையில் கேட்டேன், யாரும் பார்க்கவில்லை. கிங்ஸ்டன் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியை விரட்டினார். நான் எதிரே வந்த ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன். டிரைவர் மேலப்பாளையத்துக்காரர், வயதானவர்.

"எங்கன போவணும்மா?"

"ஆத்துப் பாலம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவனுக்குத் தோணவே தோணாது என்று மேடத்திடம் எகிறிய அதே வாய்தான் இதையும் சொன்னது. கிழவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார். மங்கள வார்த்தை ஜெபம் பாதியில் மறந்துபோய், திரும்பத் திரும்ப முதலிலிருந்து சொன்னேன்.

தாமிரபரணியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கீழே துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், எல்லாம் எப்போதும்போல. பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். கைப்பிடிச் சுவரை எட்டி எட்டிப் பார்த்தேன். பாலத்து முக்கில் பதநீர் விற்கிறவரிடம், வளர்த்தியாக, தாடி வைத்து ஒரு பையன் வந்தானா என்று கேட்டேன். மூச்சு வாங்கியதில் அவருக்கு முதலில் புரியவில்லை.

"கைலி கட்டுன பையனா? அந்தா அங்கன ரொம்ப நேரமா தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னாம்மா. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. பைய போயி, என்ன தம்பின்னு கேட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போவணும்னு கேட்டான். வழி சொன்னேன், நடந்து போயிட்டான்."

அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன்.

ஹெப்சிபா மேடத்தின் அறை சாத்தியிருந்தது. வாசலில் அவனுடைய செருப்பு. கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். "உள்ள ஆள் பேசிக்கிட்டிருக்காங்கம்மா, உக்காருங்க" என்றாள் அங்கே நின்ற நர்ஸ். உட்கார முடிந்தால்தானே? கிங்ஸ்டனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். சுவரில் ஒட்டியிருந்ததை எல்லாம் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். உள்ளே அவன் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஆனால் அவன்தான் பேசிக்கொண்டிருந்தான், விட்டு விட்டு, ரொம்ப நேரம். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டு மாதக் கணக்காகிறது.

கதவு திறந்தது. மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். "இன்னைக்கே டாக்டரையும் பாத்துட்டுத்தான் போகணும், நான் அவர்கிட்ட பேசிட்டேன். கொஞ்ச நாளைக்கு இவரைத் தனியா விடாதீங்க. வெள்ளிக்கிழமையே திரும்ப வரச் சொல்லியிருக்கேன்" என்றார். "ஏன் மேடம்?" என்றேன். "அத அவரே உங்ககிட்ட சொல்றேன்னு சொல்லியிருக்கார். நீங்க கேட்டுக்கிட்டா மட்டும் போதும்."

டாக்டர் அறைப் பக்கம் நடக்கும்போது, வராந்தா திருப்பத்தில் அவன் நின்றுவிட்டான். எனக்கு அவனைப் பளாரென்று அறையவும் வேண்டும், கட்டிப்பிடித்து அழவும் வேண்டும். இரண்டும் செய்யவில்லை.

"பாலத்துல நின்னேன்க்கா" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

"அன்னைக்கு மேடம் கேட்டதுக்கு இல்லைன்னு பொய் சொன்னேன். நீ அப்படிச் சொன்ன பொறவு நா எப்படி ஆமான்னு சொல்ல? கிறிஸ்மஸுக்கு முந்தியே தோண ஆரம்பிச்சிட்டுக்கா. அப்பா கூட வள்ளத்துல போவும்போது, இப்படியே எறங்கிருவோமான்னு தோணும். அப்பா அந்தப் பக்கம் திரும்பி வல விட்டுக்கிட்டு இருப்பாரு. என்ன நெனச்சே எனக்குப் பயமாப் போச்சு. அதான் கடலுக்கே போகல. அவரு சோம்பேறின்னாரு. சரி, சொல்லிட்டுப் போறாருன்னு இருந்துட்டேன்."

கட்டிலில் படுத்துக் கிடந்தான் என்றுதானே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்! அவன் தன்னைத்தானே கரையில் பிடித்து வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான், அத்தனை மாதமும் ஒற்றை ஆளாக. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"இன்னைக்கு மேடத்துட்ட ஆமான்னு சொல்லிட்டேன்" என்றான்.

கைலி மடிப்பிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தான். இருந்தது எல்லாவற்றையும் சேர்த்து என் கையில் வைத்தான்.

"இத நீயே வச்சுக்கக்கா. எங்கிட்ட மொத்தமாக் குடுக்காத. நேரா நேரத்துக்கு ஒவ்வொண்ணாக் குடு."

வாங்கி என் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். டாக்டர் அறை வாசலில் வரிசை நீளமாக இருந்தது. அவன் எனக்கு முன்னால் போய் அதில் நின்றான்.