கீழ்ப்புள்ளி ஐந்து

மெய்ஸ்கே ருமொன்டோர் கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுத்த பாட்டுப் புத்தகம் இந்தோனேசியாவின் தொமோஹோன் மலை வட்டாரத்துத் தேவாலயங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த மூன்றாம் வாரமே ஊர் சிரிக்க ஆரம்பித்தது.

நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பாட்டு, வோலோவான் பாடகர் குழுவை நடத்தும் மக்ஸி துமிலார் கட்டியது. சுரங்களை அங்கே ஒன்று முதல் ஏழு வரை எண்களாகத்தான் எழுதுவார்கள். அந்தப் பாட்டில் கட்டைக்குரல்காரர்கள் படிப்படியாக இறங்கி, கடைசியில் ஐந்தில் போய் நிற்க வேண்டும். அந்த ஐந்துக்குக் கீழே ஒரு புள்ளி உண்டு. புள்ளி இருந்தால் கீழ் ஸ்தாயி, இல்லாவிட்டால் நடு ஸ்தாயி. அச்சான புத்தகத்தில் எங்குமே புள்ளி இல்லை. பழைய பாட்டுகள் எல்லாருக்கும் மனப்பாடம், இது புதுப் பாட்டு. நாலு ஊர்க் குழுக்களின் கட்டைக்குரல்கள் பவ்வியமாக இறங்கிக்கொண்டே வந்து கடைசி அடியில் கூரைக்குத் தாவின. ஒரு அடக்கத்தின்போதுகூட அப்படி ஆகி, துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள்.

புத்தகத்தைப் போட்டதும் குழுக்களுக்குப் போட்டி வைப்பதுமான விழாக் கமிட்டி கூடியது. செயலாளர் பாக் லசுட், அதாவது லசுட் ஐயா, வெளிநாட்டில் இசை படித்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர்களுக்குத் தாங்கள் ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரியே இருக்கும். அன்றைக்கு அவர் புத்தகத்தை மேசைமேல் விரித்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தின்மேல் விரலை வைத்தார்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்ல," என்று ஆரம்பித்தார். "எண்ணுல எழுதுற பழக்கத்தோட கோளாறு இது. கம்ப்யூட்டருக்கு எண் நோட்டு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மேல்நாட்டு அஞ்சு கோடும் அதுமேல உட்கார்ற முட்டைத் தலையும்தான். அதனால இனிமே புத்தகம், போட்டி எல்லாமே கோட்டு நோட்டுலதான்."

பூச்சந்தையில் சாமந்தி விற்கும், ஊருக்கே அத்தையான தாந்தே ஃபெமி, வோலோவான் குழுவின் உச்சக்குரல், முழங்கையால் மெய்ஸ்கேயை இடித்தாள். தன்னைவிட இளைய பெண்ணெல்லாம் அவளுக்கு நோனிதான். "நோனி, அப்ப நாங்க எதைப் பார்த்துப் பாடுறது?"

"கத்துக்கலாமே தாந்தே," என்றார் லசுட். "ஆறு மாசம் போதும்."

"நாப்பது வருஷமா எண்ணைப் பார்த்துத்தான் பாடுறேன் பாக். ஒருநாளும் இடறுனதில்ல. போன மாசம் இடறுனது நான் இல்ல, உங்க புத்தகம்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி தன்மேல் விழுகிறது என்று மெய்ஸ்கேக்குத் தெரிந்தது. புத்தகத்தைக் கோத்தவள் அவள். ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், பாட்டுத் தாள் என்று எது போட்டாலும் பிழை இருக்காது என்ற பேர் அவளுக்கு இருந்தது. அந்தப் பேர் இப்போது மேசைமேல் மல்லாந்து கிடந்தது.

எழுந்து நின்றாள். "என் கடைக் கம்ப்யூட்டர்ல புள்ளி இருக்கு பாக். இன்னிக்குக் காலையில கூடப் பார்த்தேன். கடையில இருக்கிற புள்ளி புத்தகத்துல ஏன் இல்லைன்னு தெரியாம, எண்ணைத் தூக்கிப் போடறது நியாயமில்ல."

"அப்ப இபு மெய்ஸ்கே புள்ளியைத் தேடப் போறாங்களா?" என்றார் லசுட், 'அம்மா' என்கிற அந்த இபுவை இழுத்து.

"ஆமா," என்றாள். அவர் கேட்டது கேலிக்கு. அவள் சொன்னது கேலிக்கு இல்லை.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு மலையிறங்கி மனாடோ நகரத்துக்குப் போனாள். புத்தகத்தை அச்சடித்த அச்சகத்தில் ஒருவன் அவள் கொடுத்த கோப்பைத் திறந்து காட்டினான். ஐந்துகள் வரிசையாக நின்றன. ஒன்றின் கீழும் புள்ளி இல்லை.

"உங்க ஃபாண்ட் எங்ககிட்ட இல்லக்கா," என்றான் அவன். "இல்லாத ஃபாண்டுக்குப் பதிலா கம்ப்யூட்டரே வேற ஒண்ணைப் போட்டுக்கும். அந்த வேற ஒண்ணுல அஞ்சு இருக்கு. உங்க புள்ளி இல்ல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எண்ணெல்லாம் சரியாத்தானே தெரிஞ்சுது. பாட்டு நமக்கு எங்க தெரியும்?"

அவனைத் திட்டிப் பயன் இல்லை. வழியெல்லாம் அவளைக் குடைந்தது ஒன்றுதான். அப்படியானால் புள்ளி ஐந்தோடு சேர்ந்தது இல்லையா? இரண்டும் வேறு வேறா?

எழுத்துருவையே பிரித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. அதில் தன் எண் எழுத்துருவைத் திறந்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக விரிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலாசம், விலாசத்துக்குள் ஒரு படம். ஐந்து அதன் கட்டத்தில் இருந்தது. கீழ்ப்புள்ளியோ எங்கோ ஒரு மூலையில், மற்ற எழுத்துருக்களில் காலியாகக் கிடக்கும் ஒரு கட்டத்தில், அகலமே இல்லாமல் ஒண்டியிருந்தது. அகலம் பூஜ்யம் என்பதால் ஐந்துக்குப் பிறகு அதைத் தட்டினால் நகராமல் ஐந்தின் காலடியிலேயே போய் விழும். பார்ப்பவருக்கு ஒரே உருவம். கம்ப்யூட்டருக்கு இரண்டு. தமிழில் பழைய எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகக் கலைந்து கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே.

ஆக எழுத்துருவுக்குப் பாட்டு தெரியாது. விலாசம் சொன்னால் படம் எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். இதைக் கண்டதும் அவளுக்கு வெட்கம் போய்க் கோபம் வந்தது. எண்ணைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்றால், முட்டைத் தலையை மட்டும் எப்படி ஏற்றது?

பாக் லசுட் மெச்சும் அந்தக் கோட்டு நோட்டு மென்பொருளையே கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அதன் எழுத்துருவையும் பிரித்தாள். இங்கே கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனால் சங்கதி அதேதான். கறுப்புத் தலை ஒரு கட்டம், வெள்ளைத் தலை ஒரு கட்டம், வரியின் தொடக்கத்தில் வரும் சுருள் ஒரு கட்டம். ஐந்து கோடுகளைத் தேடினாள். மென்பொருள் அவற்றை எழுத்துருவிலிருந்து எடுக்கவே இல்லை. தலையில் ஒட்டியிருக்கும் காம்பையும் எடுக்கவில்லை. கோடு, காம்பு எல்லாவற்றையும் மென்பொருள் தானே வரைந்துகொண்டது. எங்கே ஒட்டுவது, எவ்வளவு தடிமன் என்று சொல்ல, எழுத்துருவோடு தனியாக ஒரு குறிப்புக் கோப்பு இருந்தது. திறந்தால் வெறும் எண்கள். 'கறுப்புத் தலை: காம்பு ஒட்டுமிடம் இங்கே' என்பது போல வரி வரியாக.

"பாருங்கண்ணே," என்று மக்ஸியைக் கடைக்கு வரச்சொல்லிக் காட்டினாள். மக்ஸி மரவீடு செய்கிற தச்சர். கழற்றி, லாரியில் ஏற்றி, வேறு ஊரில் பூட்டுகிற வீடுகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையில் முகத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

"தலை தனி, காம்பு தனி, எங்க பூட்டணும்னு ஒரு குறிப்பு," என்றார். "இது எங்க பட்டறை மாதிரில்ல இருக்கு?"

"அதேதான். அது முட்டையான்னு சாஃப்ட்வேர் பார்க்கிறதில்ல. தலைக்கான படத்தைக் குடுன்னு கேட்குது. நான் அந்த இடத்துல அஞ்சை வைச்சா அஞ்சைப் பூட்டும்."

"அப்ப லசுட் சொன்னது?"

"அவருக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். முடியாதுன்னு சொன்னாரு."

சுரத்துக்குச் சுரம் தலையை மாற்றிக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. எந்த நாட்டுத் தேவாலயத்துக்காகவோ யாரோ வைத்தது. மெய்ஸ்கே இருபத்தொரு படங்கள் வரைந்தாள். புள்ளியில்லாத ஏழு, கீழ்ப்புள்ளி ஏழு, மேல்புள்ளி ஏழு. இந்தத் தடவை புள்ளியையும் எண்ணையும் ஒரே கட்டத்துக்குள் ஒரே உருவமாக வரைந்தாள். போனால் இரண்டும் சேர்ந்து போகட்டும், யாராவது கவனிப்பார்கள்.

முதலில் அச்செடுத்த தாளைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள். ஐந்தின் வயிற்றில் காம்பு குத்தி நின்றது. மேல்புள்ளிகள், எண்ணுக்கு மேலே ஓடும் கால அளவுக் கோட்டில் இடித்துக்கொண்டன. இரண்டுகள் யானை அளவு. காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. கோட்டு நோட்டு உலகத்தில் எழுத்தின் அளவு என்பது ஐந்து கோடுகளுக்கு நடுவே உள்ள நான்கு இடைவெளிகளின் உயரம். அவள் பத்திரிகை எழுத்தைப் போல உயரத்தை வைத்திருந்தாள். எல்லாவற்றையும் இடைவெளிக் கணக்குக்குச் சுருக்கி, குறிப்புக் கோப்பில் காம்பின் தடிமனைப் பூஜ்யமாக்கி, மேல்கோட்டைப் புள்ளிக்கு வழிவிடும் உயரத்துக்கு ஏற்றினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாள். வாடிக்கையாளர்கள் ஜெராக்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அவள் புள்ளியை மயிரிழை மயிரிழையாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நோனி, உனக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு," என்றாள் தாந்தே ஃபெமி. பிறகு தாளைக் கையில் வாங்கி, கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து, முதல் வரியை முணுமுணுத்தாள். ஒரு தடவைகூட நிற்காமல் கடைசிவரை போனாள். "இந்தக் கோடு மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பா இருந்தா நல்லது," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரே பாட்டு, ஒரே கோப்பு. எழுத்துருவை மாற்றினால் கோட்டு நோட்டு, திரும்ப மாற்றினால் எண் நோட்டு. மெய்ஸ்கே பக்கத்தின் மேல்பாதியில் எண்ணையும் கீழ்ப்பாதியில் கோட்டையும் வைத்தாள். அச்சகத்துக்கு அனுப்புகிற கோப்புக்குள்ளேயே எழுத்துருவையும் பொதிந்துவைத்தாள். அதே அச்சகத்தான் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்குக்கா. நானே எண்ணிட்டேன்," என்று செய்தி அனுப்பினான்.

அக்டோபரில் தொண்டானோ ஊரில் போட்டி விழா. பதிவு மேசையில் பாக் லசுட் தாளைப் புரட்டினார். அவர் விரல் ஒவ்வொரு எண்ணின் கீழும் நின்று நின்று போனது. புள்ளிகளைத்தான் பார்க்கிறார் என்று மெய்ஸ்கேக்குத் தெரிந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றார் ஒருவழியாக. "கீழ்ப்பாதியை மட்டும் அச்செடுத்து நடுவருங்களுக்குக் கொடுங்க. மேடையில கையில எண் தாள் வேண்டாம். தேவைன்னா கோட்டுத் தாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

"விதியில 'நோட்டு'ன்னுதான் இருக்கு பாக். எந்த நோட்டுன்னு இல்ல," என்றார் மக்ஸி.

"கமிட்டி தீர்மானம் இருக்கு மக்ஸி. வெளியூர் நடுவருங்க வந்திருக்காங்க. நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"படிக்கத் தெரிஞ்சவங்கன்னு நினைப்பாங்க," என்றாள் மெய்ஸ்கே.

"நோட்டுத் தாளுக்குன்னு பத்து மதிப்பெண் இருக்கு. அது போயிடும். யோசிச்சுக்கோங்க."

மெய்ஸ்கே திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு பேர், தைத்த ஒரே நிற உடுப்பில், வெயிலில் நின்றிருந்தார்கள். கிராம்புத் தோட்டக்காரர்கள், வண்டியோட்டிகள், மக்ஸியின் பட்டறை ஆட்கள். பத்து மதிப்பெண் போனால் கோப்பை இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். போன தடவை மூன்றாம் இடம். அவர்கள் சார்பில் தான் எப்படிப் பேசுவது என்று அவள் தயங்கிய நொடியில் தாந்தே ஃபெமி முன்னால் வந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாத தாளைக் கையில பிடிச்சுட்டு நிக்க நான் என்ன கடைப் பொம்மையா பாக்? பத்தையும் எடுத்துக்கோங்க. தாளை எங்ககிட்ட விட்டுடுங்க."

யாரும் மறுக்கவில்லை. பின்வரிசையில் ஒரு கட்டைக்குரல், "இருபதுன்னாலும் எடுத்துக்கச் சொல்லு," என்றது. மெய்ஸ்கே ஐந்து பிரதிகளை, மேலே எண்ணும் கீழே கோடுமாக, அப்படியே மேசைமேல் வைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டாள். லசுட் போட்டுக் கொடுத்தார்.

மேடையில் முப்பத்திரண்டு தாள்களும் விரிந்தன. மக்ஸி கையை உயர்த்தினார். மெய்ஸ்கே இரண்டாம் குரலில் நின்றுகொண்டு தன் பாகத்தைப் பாடினாள், ஆனால் காது முழுக்கப் பின்வரிசையிலேயே இருந்தது. அந்தக் கடைசி அடி வந்தது. கட்டைக்குரல்கள் ஆறு, ஐந்து, நாலு, மூன்று என்று இறங்கி, இரண்டைத் தொட்டு, ஒன்றையும் தாண்டி, புள்ளி வைத்த ஐந்தில் போய் உட்கார்ந்தன. பலகை மேடை அதிர்ந்தது காலில் தெரிந்தது. அவள் கண் கலங்கிவிட்டது, வரியைத் தவறவிட்டாள். பக்கத்தில் நின்றவள் அவளுடைய வரியையும் சேர்த்துப் பாடி ஈடுகட்டினாள்.

பத்து மதிப்பெண்ணைக் கழித்தார்கள். ஆறாம் இடம். திரும்பும் வண்டியில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. வறுத்த வாழைக்காயும் மிளகாய்த் தொக்கும் கை மாறின. முதல் இடம் வாங்கிய ஊர்க் குழுவின் தலைவி வண்டி கிளம்புமுன் ஓடிவந்து, அந்த எண் தாள் ஒன்று கிடைக்குமா என்று ஜன்னல் வழியே கேட்டதை மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஜனவரியில் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. புதிய புத்தகத்தின் கடைசியில், பின்னிணைப்பாக, சிறிய எழுத்தில் எண் நோட்டையும் சேர்க்க விருப்பம். எழுத்துருவை ஒப்படைக்கும்படி கேட்டிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான். மக்ஸி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்காங்களே மெய்ஸ். ஒத்துக்கிட்டா என்ன?" என்று கேட்டார்.

"பின்னாடி, சின்னதா. கண்ணாடி போட்டும் தாந்தே ஃபெமிக்குத் தெரியாத அளவுல. யாருக்காகப் போடுறாங்க அதை?"

அன்று மத்தியானமே பதில் எழுதினாள். ஒரே பக்கம், ஒரே அளவு, எண் மேலே. சம்மதமென்றால் எழுத்துருவை மட்டுமல்ல, குறிப்புக் கோப்பையும் தருகிறேன், உட்கார்ந்து சொல்லியும் கொடுக்கிறேன். இல்லையென்றால் நாங்களே போட்டுக்கொள்கிறோம். எழுதியதை மக்ஸியிடம் நீட்டினாள். அவர் 'சம்மதமென்றால்' என்ற இடத்தில் 'தயவுசெய்து' சேர்க்கலாமே என்றார். அவள் சேர்க்கவில்லை.

பதில் வரவில்லை. கமிட்டியின் புத்தகம் ஈஸ்டருக்கு வந்தது, முழுக்கக் கோட்டு நோட்டில், நல்ல தாளில். வோலோவான்காரர்களின் புத்தகம் அதற்கு ஐந்து வாரம் கழித்து வந்தது. தாள் சுமார்தான், அட்டை மக்ஸியின் மகள் வரைந்தது. எழுத்துருவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று உள்பக்கத்தில் போட்டு, எங்கே கிடைக்கும் என்றும் மெய்ஸ்கே எழுதியிருந்தாள். ஜூலைக்குள் பத்தொன்பது குழுக்கள் கேட்டு வாங்கின. அவற்றில் ஒன்று பாக் லசுட்டின் மனைவி பாடும் குழு. லசுட்டே கடைக்கு வந்து வாங்கிப் போனார்.

"அடுத்த விழாவிலயும் பத்து மதிப்பெண் கழிப்பாங்க," என்றார் புத்தகத்தைப் பைக்குள் வைத்தபடி.

"கழிக்கட்டும் பாக். இந்தத் தடவை இருபது குழுகிட்டக் கழிக்கணும்," என்றாள் மெய்ஸ்கே, அடுத்த ஆளின் தாளை ஜெராக்ஸ் கண்ணாடிமேல் கவிழ்த்துக்கொண்டே.