பெற்றோர் விருப்பத்தின் பேரில்

கடலூர் மாவட்டக் கூட்டத்தில் கொடுத்த சான்றிதழை மறுநாளே லேமினேஷன் போட்டுவிட வேண்டும் என்று பிரிசில்லா டீச்சர் கிளம்பியதற்குக் காரணம் இருந்தது. போன வருடத்துச் சான்றிதழை ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்திருந்தபோது யாரோ அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி. தொடர்ந்து நான்காவது வருடம். சிதம்பரம் டவுனில் இருக்கும் அந்த உதவிபெறும் பெண்கள் உயர்நிலைப்பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியை. மேடையில் சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். பக்கத்தில் நின்ற மற்ற தலைமையாசிரியர்கள் "எப்படிங்க மேடம்?" என்று வயிறு எரியக் கேட்டார்கள். "எல்லாம் எங்க ஸ்டாஃப்தான்" என்று சிரித்துவைத்தார். அடக்கமாகப் பேசிவிட்டதாக அவருக்கு நினைப்பு. அது எவ்வளவு பெரிய உண்மை என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அவர் குடியிருந்தது அண்ணாமலை நகரில். கணவர் தேவசகாயத்துக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில் வரிசையாக ஜெராக்ஸ் கடைகள். 2010 ஜூன், அட்மிஷன் நேரம் என்பதால் ஒவ்வொரு கடையிலும் கால்வைக்க இடமில்லை. கொஞ்சம் காற்றாட இருந்த ஒரு கடையில் நுழைந்து சான்றிதழை நீட்டினார். மெஷினுக்கு முன்னால் நின்ற பெண் அதை வாங்கிப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ், நம்ம ஸ்கூலா? இந்த வருசமும் நூறா மிஸ்?"

தெரிந்த முகம். விளையாட்டு விழாவில் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்த இசைவாணி. "நீ இங்க என்னம்மா பண்ற?" என்றார் டீச்சர்.

"வேலைல இருக்கேன் மிஸ். போன வருசமே டிசி வாங்கிட்டேன்ல."

"டிசியா? எதுக்கு வாங்கின?"

டீச்சர் விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று அவள் ஒரு நொடி பார்த்தாள். "ஒம்பதாவது முடிஞ்சதும் குடுத்துட்டாங்களே மிஸ். நீங்கதான கையெழுத்து போட்டிருந்தீங்க."

அந்தக் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. இருந்திருந்தால் டீச்சர் கோபப்பட்டாவது தப்பித்திருப்பார். அந்தப் பெண் சான்றிதழை ஒரு குமிழிகூட விழாமல் பிளாஸ்டிக்கில் ஒட்டி, ஓரங்களைச் சீராக வெட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். காசை மட்டும் வாங்க மாட்டேன் என்றாள்.

"நம்ம ஸ்கூலு மிஸ்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. வீடுவரை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவர், வந்ததும் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிட்டு, தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மாற்றுச் சான்றிதழ் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு ஏப்ரலிலும் அலுவலக உதவியாளர் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரிப்பார். டீச்சர் நூறு வெற்றுத் தாள்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். பத்தாவது முடித்த பிள்ளைகள் கும்பலாக வந்து நிற்கும்போது தலைமையாசிரியை மீட்டிங்குக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்பதற்காக வந்த வழக்கம் அது. வசதியான வழக்கம். எல்லா வசதிகளையும்போல இதுவும் யாருக்கு வசதி என்று யாரும் கேட்டதில்லை.

நான்கு வருடத்து அடிக்கட்டைகளைப் புரட்டினார். ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று வெளியேறிய பிள்ளைகள் முப்பத்தோரு பேர். வெளியேறிய காரணம் என்ற இடத்தில் முப்பத்தோரு முறையும் ஒரே குண்டுக் கையெழுத்தில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று எழுதியிருந்தது. இந்த வருடத்துக்கு இன்னும் எட்டு, எழுதித் தயாராக, ஆள் வந்து வாங்க வேண்டியதுதான் பாக்கி. டீச்சர் எடுத்தது தமிழ்ப்பாடம்தான் என்றாலும் கழித்தல் தெரியாதவர் இல்லை. ஒன்பதாவதில் ஐம்பத்திரண்டு, பத்தாவதில் நாற்பத்தி நாலு என்கிற மாதிரி ஒவ்வொரு ஜூனிலும் தன் கையாலேயே பட்டியல் எழுதி அனுப்பியிருக்கிறார். ஏழெட்டுப் பேர் எங்கே போனார்கள் என்று ஒரு தடவைகூடப் பேனா நின்றதில்லை.

குண்டுக் கையெழுத்து உத்திராபதி சாருடையது. உதவித் தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார். தினமும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து ஏழு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கிறவர். ஒரு பைசா வாங்கியதில்லை. அயோக்கியனாக இருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவர் அப்படி இல்லை.

"ஒம்பதாவதுல பெயில் போட்டா பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க டீச்சர்," என்றார். "பாஸ் போட்டுத் தர்றோம், டிசி வாங்கிக்குங்கன்னா சரின்னுடுவாங்க. டுடோரியல்ல சேந்து எழுதிக்கலாம். எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க கேக்கலியே டீச்சர். மொத வருசம் நூறு வந்தப்ப, எப்படி சார் வந்துச்சுன்னு கேப்பீங்க, சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க ஸ்வீட் வாங்கியாரச் சொன்னீங்க."

டீச்சருக்கு உத்திராபதி சார்மேல் வந்த கோபம் பாதி தூரம் போய், போக இடமில்லாமல் தன் பக்கமே திரும்பிவிட்டது. அவமானமாக இருந்தது. எட்டுத் தாள்களிலும் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். பிறகு தாளாளர் ஆரோக்கியராஜைப் பார்க்கப் போனார்.

தாளாளர் பொறுமையாகக் கேட்டார். "நம்ம ஸ்கூலை ஹையர் செகண்டரி ஆக்கற ஃபைல் மெட்ராஸ்ல இருக்கு. இந்த நேரத்துல ரிசல்ட்ல கை வைக்கணுமா? பிளஸ் டூ வரட்டும். அப்பறம் எல்லாப் பிள்ளைங்களையும் வெச்சிக்கலாம்."

"அதுவரைக்கும் இந்தப் பிள்ளைங்க எங்க சார் இருப்பாங்க?"

"சரி, உங்க இஷ்டம். ரிசல்ட் எறங்கினா கடலூர்ல நீங்கதான் எழுந்து நின்னு பதில் சொல்லணும். நானும் வர மாட்டேன், ஸ்கூலும் வராது."

"சொல்றேன் சார்."

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. படியிறங்கும்போதுதான் கடலூர் ஹால் கண்முன் வந்தது. தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை மாவட்டக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுப்பிவிட்டு விளக்கம் கேட்பது வழக்கம். நான்கு வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்து, எழுந்து நிற்கிறவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த வாரமே, இசைவாணியை மறுபடி பத்தாவதில் சேர்க்க அவள் வீட்டைத் தேடிப் போனார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஓட்டு வீடு. அவள் அம்மா செல்லாயி ஹாஸ்டல் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டாள். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"போன வருசம் உங்க ரூம் வாசல்ல ரெண்டு நாளு நின்னேன் டீச்சரம்மா. உங்களப் பாக்கணும்னேன். மீட்டிங்ல இருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. மூணாவது நாளும் வேலைய வுட்டுட்டு வர முடியுமா? கைநாட்டு வெச்சிட்டு வந்துட்டேன்."

"நீங்க வந்தது எனக்குத் தெரியாம போச்சும்மா."

"கதவு தொறந்துதான் இருந்துது. நீங்க குனிஞ்சி எழுதிக்கிட்டிருந்தீங்க. நான் பாத்தேன்."

அன்று என்ன எழுதிக்கொண்டிருந்தோம் என்று டீச்சர் யோசித்துப் பார்த்தார். எதுவாக இருந்தாலும் நிமிர்ந்து பார்க்க முடியாத அளவுக்கு முக்கியமாக இருந்திருக்காது.

"இப்ப சேத்துக்கிறீங்க, சரி. அது கணக்குல பெயிலாப் போனா மறுக்கா தொரத்துவீங்களா?"

"மாட்டேன். பாஸ் பண்ற வரைக்கும் அது எங்க பொண்ணுதான்."

செல்லாயி உருகிவிடவில்லை. "கடைக்காரருகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றாள். நான்கு நாள் கழித்து இசைவாணி வந்தாள். பழைய யூனிஃபார்ம் ஒரு சாண் குறைந்துபோயிருந்தது. ஒரு வருட இடைவெளிக்கு அனுமதி வாங்க டீச்சர் இரண்டு தடவை கடலூர் கல்வி அலுவலகத்துக்கு அலைந்தார்.

மற்ற முப்பது பேரையும் தேடாமல் இல்லை. பதிவேட்டில் இருந்த விலாசங்களில் முக்கால்வாசி பழையவை. ஒருத்திக்குப் பெண்ணாடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டு பேர் திருப்பூர் போய்விட்டார்கள் என்று தெரிந்தது. மற்றவர்களைப் பற்றிக் கேட்டபோது உத்திராபதி சார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை. ஆனால் ரத்தான எட்டுப் பேரும் இசைவாணியுமாக அந்த ஒன்பது பெண்களையும் முதல் பெஞ்சில் உட்காரவைத்து, முணுமுணுத்துக்கொண்டே வருடம் முழுவதும் பாடம் எடுத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2011 மே கடைசியில் ரிசல்ட் வந்தது. ஐம்பத்து மூன்று பேர் எழுதியதில் நாற்பத்தெட்டுப் பேர் பாஸ். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் தேறிவிட்டார்கள். மீதி ஐந்து பேரில் இசைவாணியும் இருந்தாள். கணக்கில் இருபத்தொன்பது, ஆறு மார்க் போதவில்லை.

அன்று மத்தியானம் செல்லாயி யாரையும் கேட்காமல் நேராகத் தலைமையாசிரியை அறைக்குள் வந்து நின்றாள். "பெயிலாயிடுச்சி" என்றாள். டீச்சரையே பார்த்தாள். டீச்சர் மறுதேர்வு விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்து, "உக்காருங்கம்மா, சேந்தே எழுதிடலாம்" என்றார். செல்லாயி உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஜூனில் கடலூர் கூட்டம். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உத்திராபதி சாரும் கூட வந்திருந்தார். தேர்ச்சி இறங்கிய பள்ளிகளை வரிசையாகக் கூப்பிட்டார்கள். எழுந்தவர்கள் எல்லோரும் மனப்பாடமாக ஒன்றையே சொன்னார்கள்: மாணவர் வருகை குறைவு, பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை, வரும் ஆண்டில் கவனிக்கிறோம். டீச்சர் முறை வந்தது. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உங்களத்தான் எல்லாருக்கும் உதாரணமா சொல்லிட்டிருந்தோம் மேடம்," என்றார் அதிகாரி. "நூறுல இருந்து தொண்ணூறு. ஏன் எறங்கிச்சு?"

"எறங்கல சார். இந்த வருசம்தான் எல்லாப் பிள்ளைங்களும் எழுதியிருக்காங்க. நாலு வருசமா முப்பத்தோரு பிள்ளைங்கள ஒம்பதாவதோட அனுப்பிட்டு, மிச்சம் இருந்தவங்களுக்குத்தான் நூறு வாங்கினோம்."

ஹாலில் பலருக்கு ஒரே சமயத்தில் பேனாவைத் தேட வேண்டியிருந்தது. முன்வரிசையில் புது சால்வைகளோடு இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. அதிகாரி நல்ல மனிதர்தான். தப்பிக்க ஒரு வழி காட்டினார்.

"பேரன்ட்ஸ் விரும்பி டிசி வாங்கிட்டுப் போயிருப்பாங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அப்படித்தான் எழுதியிருக்கோம் சார். ஒருத்தர்கூட விரும்பல."

"யார் எழுதினது?"

பக்கத்தில் கோப்பு சரசரத்தது. உத்திராபதி சாருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருடமும் சொச்சமும் இருந்தது. டீச்சர் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"தலைமையாசிரியை நான்தான் சார். கையெழுத்தும் என்னுதுதான்."

"எழுத்துல குடுங்க. மேல அனுப்பித்தான் ஆகணும்."

"கொண்டாந்திருக்கேன் சார்" என்று முப்பத்தோரு பெயர்களும் இருந்த தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது சிதம்பரம் பஸ்ஸில் உத்திராபதி சார் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாம் டீச்சர்."

"நாலு வருசம் உங்க பின்னாடி நின்னுக்கிட்டுதான் மேடை ஏறினேன் சார். இன்னிக்கும் அங்கயே நிக்கச் சொல்றீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையிலிருந்த டிக்கெட்டை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"அந்தப் பிள்ளைங்க வூடு எல்லாம் எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார். "ஸ்கூலுக்கு வராதவுங்க வூட்டுக்கு நான்தான போயி கையெழுத்து வாங்கியாந்தேன். எந்தத் தெரு, எந்த வாசல்னு கண்ண மூடிக்கிட்டே சொல்வேன்."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்குப் போலாமா?" என்றார் உத்திராபதி சார். "நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."