மெழுகில் இருந்தவள்

சிலை வாங்க வருகிறவன் முதலில் கண்ணால் பார்ப்பான் என்று நினைப்பீர்கள். சுத்தப் பொய். கையால்தான் பார்ப்பான். தூக்கிப் பார்த்துக் கனமாக இருந்தால் "அடேயப்பா" என்பான், லேசாக இருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். அதற்காகவே எங்கள் பட்டறையில் ரெசின் என்கிற செயற்கைப் பிசினில் வார்க்கும் குதிரைகளுக்குள் இரும்புத் தூளைக் கலந்து ஊற்றுவோம். மேலே வெண்கல நிறம் பூசுவது என் வேலை. ஊரை ஏய்க்கிற பிழைப்பு என்று நானே சிரித்துக்கொள்வேன். நிஜ வெண்கலம் வார்ப்பவர் என் வீட்டுக்காரர்.

வழக்கமாக வரும் சேகரிப்பாளர் ஒருவர் உண்டு. வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்பார். அவருக்கு நான் வைத்த பெயர் தராசு.

ஒருநாள் தராசு எங்கள் அலமாரியில் கை வைத்தார். அங்கே இருந்தது எங்கள் மகள். உயிரோடு நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மெழுகில் செய்த ஒரு முழ உருவம். இவர் பனைமரம் போல உயரம், அவள் அண்ணாந்துதான் பேசுவாள். அதே அண்ணாந்த முகம். போட்டோக்களில் எல்லாம் அந்தக் குரங்கு பழிப்புக் காட்டிக்கொண்டிருப்பாள். அவள் முகம் முகமாக இருந்தது அந்த மெழுகில் மட்டும்தான்.

"மூஞ்சி பேசுதே!" என்று தராசு தூக்கினார். "அட, மெழுகா? லேசா இருக்கு." வைத்துவிட்டுக் குதிரைப் பக்கம் போனார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது.

இவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சொன்னார், "வெண்கலத்துல ஊத்திடறேன்."

"எதுக்கு? யாருக்கு விக்கப் போறோம்? அவ மெழுகுலயே இருக்கட்டும்."

"லேசா இருக்குன்னு சொல்லிட்டாரே."

"அந்தாளு கிடக்கட்டுங்க!"

"அவருக்காக இல்ல. கடைசியில ஆஸ்பத்திரியில அவளைத் தூக்குனப்ப கையில எதுவுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அந்த லேசு எனக்கு வேணாம்."

அவளைக் கடைசியாகத் தூக்கியவர் அவர்தான்.

ஆனாலும் நான் விடவில்லை. மெழுகின் மேல் மண் பூசிச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில்தான் வெண்கலம் ஊற்ற வேண்டும். வார்ப்பு தவறினால் மெழுகும் போச்சு, வெண்கலமும் போச்சு. "முதல்ல ஒரு ரப்பர் அச்சு எடுத்து வெச்சுக்கங்க," என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"அச்சு குதிரைக்கு. அச்சு இருந்தா நூறு போடலாம். நம்ம பொண்ணு என்ன நூறு பேரா?"

பிடித்தால் பிடித்த பிடி, அப்பனும் மகளும் ஒன்று.

மண் பூசுமுன் காற்று வெளியேற மெழுகுக் குச்சிகள் ஒட்டுவார்கள், சுடும்போது அவையும் உருகித் துளையாகிவிடும். உள்ளே சிக்கும் காற்று மேலே ஏறும், அது போக வழி வேண்டும். தோளில் ஒட்டினார், முழங்கையில் ஒட்டினார். அண்ணாந்த முகம்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அங்கே ஒட்டவில்லை.

"ஏங்க, மூக்குக்கிட்ட ஒண்ணு வேணாமா?"

"வெச்சா அந்தத் துளையிலயும் வெண்கலம் ஏறிக் குச்சியா நிக்கும், அப்புறம் அதை அறுத்து உளியால செதுக்கணும்." கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். "அவ மூஞ்சியில நான் உளி வைக்க மாட்டேன். கொஞ்சம் சூடா ஊத்துனா நிரம்பிடும்."

எத்தனையோ சிலைகளுக்கு ஈவு இரக்கமில்லாமல் உளி வைத்த கை அது.

ஊற்றினார். ஆறவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மண்ணைக் காலிலிருந்து உடைத்துக்கொண்டு வந்தார். செருப்பு வார் வந்தது. பாவாடையின் மடிப்பு வந்தது. இடுப்பில் வைத்த கை, விரல் நகம் உட்பட வந்தது. "வந்துட்டாடி!" என்று சிரித்தார். அவள் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கழுத்துக்கு மேலே மண் உடைந்தது. காதுகள் இருந்தன, பின்னலும் இருந்தது. நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு குழி. காற்று அங்கேதான் நின்றிருக்கிறது. மெழுகு எப்போதோ உருகி ஓடிவிட்டது.

நான் கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் உடைந்த மண் துண்டுகளைப் பொறுக்கி உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதிலாவது மூக்கு பதிந்திருக்குமா என்று. எல்லாம் தூளாக இருந்தது. பாவி மனிதர், பிள்ளையை இரண்டாவது முறை பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கெட்ட நேரம், தராசு அன்றைக்கென்று வந்தார். மேசைமேல் இருந்ததைத் தூக்கினார்.

"அடேயப்பா! என்ன கனம்! முகம் இல்லாததும் ஒரு அழகாத்தான் இருக்கு. இதுக்கு நீங்க கேக்குறதைத் தர்றேன்."

"கீழ வைங்க," என்றேன்.

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன்..."

"அது எங்க பொண்ணு. அன்னிக்கு மூஞ்சியோட இருந்தா, லேசா இருக்குன்னு வெச்சிட்டுப் போனீங்க. செத்துப்போன பிள்ளை அவ. வைங்க கீழ!"

அவர் முகம் வெளிறியது. "தெரியாதும்மா," என்று இரண்டு கையாலும் மெல்ல வைத்தார். பாவம், அவர்மேலும் தப்பில்லை.

பட்டறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். இவர் அவளைத் துணியில் சுற்றி, தூங்குகிற பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டார், குழி தன் கழுத்தோடு ஒட்டியிருக்கும்படி. வீட்டுக்கு மேட்டுத் தெரு. பாதியிலேயே மூச்சு வாங்கியது.

"குடுங்க, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்."

தரமாட்டேன் என்று தலையாட்டினார்.

"கனக்குறாளா?" என்றேன்.

"ரொம்ப," என்றார். அழுதுகொண்டே மேட்டில் ஏறினார்.